தாளம் எங்கே தப்புகிறது? ஸ்கிராட்ச் இசை நிரலில் காலக்கணக்கு

ஆண்டு விழாக் கோலாட்டத்துக்கான தாளத்தைக் கணினியிலேயே அமைத்துவிடலாம் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர் முன்வந்தார்கள். ஒருவன் மேளம், ஒருத்தி கோல் சத்தம், இன்னொருத்தி மெட்டு. ஸ்கிராட்சில் மூன்று ஸ்பிரைட்டுகளை வைத்து, ஒவ்வொருவரும் தத்தம் நிரலை எழுதி, பச்சைக் கொடியை அழுத்தினார்கள். முதல் இரண்டு சுற்று அழகாக இருந்தது. நான்காவது சுற்றில் கோல் சத்தம் மேளத்துக்குப் பின்னால் விழுந்தது. ஒரு நிமிடம் கழிந்தபோது மூன்றும் மூன்று திசையில் போய்க்கொண்டிருந்தன.

“சார், என் கோல் பின்னாடியே போகுது” என்றாள் அந்த மாணவி.

“எங்கேயாவது எண்ணைத் தப்பாப் போட்டிருப்பே. நல்லாப் பாரும்மா” என்றேன்.

அவள் மூன்று முறை சரிபார்த்தாள். ஒரு சுற்றுக்கு எட்டு அட்சரம், அட்சரத்துக்கு நான்கு தட்டு, தட்டுக்கு 0.25. கூட்டினால் சரியாக 8 வந்தது. மேளக்காரப் பையனின் நிரலில் எட்டு பிளாக், ஒவ்வொன்றும் 1. அதுவும் 8. தவறே இல்லை. மறுநாள் அவள் கோல் நிரலை மூடிவிட்டுப் பூனை ஓடும் விளையாட்டு ஒன்றைச் செய்துகொண்டிருந்தாள். அன்று மாலை அதே நிரலை நான் தனியாக ஓடவிட்டு, விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். அவள் காதும் சரி, அவள் கணக்கும் சரி. தவறாக இருந்தது என் பதில்தான்.

பத்தாம் வகுப்பு அறிவியல் நூலின் கணினிப் பாடத்தில் ஸ்கிராட்ச் வந்திருக்கிறது. கீழ் வகுப்புகளிலும் பலர் உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் அதைச் சொல்லித் தருகிறோம். பூனையை நடக்க வைக்கும்வரை சிக்கலில்லை. இசை என்று வந்ததும் மேலே சொன்ன கோளாறு எந்தப் பள்ளியிலும் வரக்கூடும். நம்மைப் போலவே பிறரும் “எண்ணைச் சரிபார்” என்று சொல்லிப் பிள்ளையின் காதைச் சந்தேகித்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இசை பிளாக்குகள்

ஸ்கிராட்ச் திரையின் இடது கீழ் மூலையில் உள்ள நீட்டிப்புப் பொத்தானை அழுத்தி ‘மியூசிக்’ என்பதைத் தேர்ந்தால் இசைக்கான பிளாக்குகள் வந்து சேரும். இணையம் இல்லாத ஆய்வகத்தில், கணினியில் நிறுவிய ஸ்கிராட்ச் செயலியிலும் இவை வேலை செய்யும். ‘பிளே டிரம்’ ஒரு கொட்டு ஒலியை எழுப்பும். ‘பிளே நோட்’ ஒரு சுரத்தை ஒலிக்கும். ‘ரெஸ்ட்’ சும்மா இருக்கும். மூன்றுக்கும் எத்தனை ‘பீட்’ என்று ஓர் எண் கொடுக்க வேண்டும். ஒரு பீட் என்பது எவ்வளவு நேரம் என்பதை ‘டெம்போ’ முடிவு செய்கிறது. டெம்போ 60 என்றால் நிமிடத்துக்கு 60 பீட், அதாவது பீட்டுக்கு ஒரு விநாடி. 120 என்றால் அரை விநாடி. 60-ஐ டெம்போவால் வகுத்தால் ஒரு பீட்டின் நேரம் விநாடியில் கிடைத்துவிடும். இந்த டெம்போ முழுத் திட்டத்துக்கும் ஒன்றே. ஒரு ஸ்பிரைட்டில் மாற்றினால் எல்லா ஸ்பிரைட்டுக்கும் மாறும்.

டெம்போ பொதுவாக இருக்கும்போது தாளம் ஏன் பிரிகிறது? டெம்போ என்பது வேகம் மட்டுமே. ஒரே வேகத்தில் நடக்கும் இரண்டு பேரும் ஒரே அடியில் நடப்பார்கள் என்று சொல்ல முடியாது அல்லவா?

‘0.25 பீட் வாசி’ என்று ஒரு பிளாக்கிடம் சொன்னால், அது ஒலியை எழுப்பிவிட்டு, கால் விநாடி ஆகிவிட்டதா என்று விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும். அது பார்க்கும் கணத்தில் கால் விநாடி தாண்டியிருந்தால் அடுத்த பிளாக்குக்குப் போகும். சரியாக கால் விநாடியில் அது பார்க்கும் என்று உறுதி கிடையாது. கொஞ்சம் தாண்டியே பார்க்கும். ஒருபோதும் முன்னதாகப் போகாது. ஸ்கிராட்ச் விநாடிக்கு 30 முறை தன் வேலைச் சுற்றைத் தொடங்குகிறது. திரையில் பூனை ஆடிக்கொண்டும் இருந்தால் படம் வரைவதற்காக இந்தப் பார்வையின் இடைவெளி இன்னும் அகலும். ஒவ்வொரு பிளாக்கும் தன் நேரத்தை, முந்தைய பிளாக் எப்போது முடிந்ததோ அந்தக் கணத்திலிருந்து புதிதாக எண்ணத் தொடங்குவதால், ஒவ்வொரு சிறு தாமதமும் அடுத்ததன் தலையில் ஏறுகிறது.

ஒரு பேச்சுக்கு, ஒவ்வொரு பிளாக்கும் நூறில் ஒரு பங்கு விநாடி தாமதிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேளத்தின் நிரலில் சுற்றுக்கு 8 பிளாக், தாமதம் 0.08 விநாடி. கோலின் நிரலில் 32 பிளாக், தாமதம் 0.32 விநாடி. ஒரு சுற்றில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 0.24 விநாடி. நான்கு சுற்றில் 0.96. டெம்போ 60-இல் அது ஏறக்குறைய ஓர் அட்சரம். எந்தக் கோலாட்டக் குழுவும் ஓர் அட்சரம் தள்ளி அடித்தால் கோல் அடுத்தவர் விரலில்தான் விழும்.

இதை வகுப்பிலேயே சோதிக்கலாம். டைமரைப் பூச்சியமாக்கி, டெம்போவை 60-இல் வைத்து, ‘0.25 பீட் ரெஸ்ட்’ என்பதை 100 முறை சுற்றவிட்டு, முடிந்ததும் டைமரைச் சொல்ல வைக்க வேண்டும். கணக்குப்படி 25 விநாடி. திரையில் வரும் எண் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். பிறகு பூனை ஒன்றை இடைவிடாமல் சுழலவிட்டு மறுபடியும் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கணினிக்குக் கணினி எண் மாறும். பழைய கணினிகள் உள்ள ஆய்வகத்தில் இந்தச் சோதனை இன்னும் நன்றாக இருக்கும் என்பது ஒரு சிறு ஆறுதல்.

விளையாட்டு விழாவின் நாடா

விளையாட்டு விழாவுக்கு முன் 100 மீட்டர் தடத்தை அளந்து கோடு போட்டிருப்போம். ஒரு மீட்டர் குச்சியைப் புரட்டிப் புரட்டி நூறு முறை வைத்து அளந்தால், ஒவ்வொரு புரட்டலிலும் விரல்கடை அளவு கூடும். கடைசிக் கோடு எங்கேயோ போய் நிற்கும். தொடக்கக் கோட்டில் நாடாவின் முனையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பத்து மீட்டரையும் அந்த முனையிலிருந்தே குறித்தால், பத்தாவது குறியில் ஒரு பிழை நேர்ந்தாலும் அது இருபதாவது குறிக்குப் போகாது.

இசை நிரலிலும் செய்ய வேண்டியது இதுதான். ‘முந்தைய தட்டிலிருந்து கால் விநாடி’ என்று எண்ணுவதை விட்டுவிட்டு, ‘தொடக்கத்திலிருந்து இத்தனையாவது விநாடியில்’ என்று எண்ண வேண்டும். அந்த வேலையை ஒரே ஒரு நிரல் செய்ய வேண்டும். மற்ற ஸ்பிரைட்டுகள் எண்ணவே கூடாது. அதன் குரலுக்குக் காத்திருந்து வாசித்தால் போதும். கச்சேரி மேடையில் கையால் தாளம் போடுபவரின் இடம் அது.

அந்த நிரலை இப்படி அமைத்தோம். ‘அடுத்த நேரம்’, ‘எண்ணி’ என்று இரண்டு மாறிகள், எல்லா ஸ்பிரைட்டுக்கும் பொதுவாக. பச்சைக் கொடி அழுத்தியதும் டைமரைப் பூச்சியமாக்கு. அடுத்த நேரத்தை 0 ஆக்கு. எண்ணியை −1 ஆக்கு. பிறகு முடிவில்லாமல் சுற்றும் பிளாக்குக்குள் நான்கு வரி: டைமர் அடுத்த நேரத்தைத் தாண்டும்வரை காத்திரு, எண்ணியில் 1 கூட்டு, ‘தட்டு’ என்ற செய்தியை பிராட்காஸ்ட் செய், அடுத்த நேரத்தில் (60 ÷ டெம்போ) கூட்டு.

கடைசி வரியைக் கவனியுங்கள். இப்போது மணி என்ன என்று பார்த்து அதனுடன் கூட்டவில்லை. வந்திருக்க வேண்டிய நேரத்துடன் கூட்டுகிறோம். ஆகவே ஒரு தட்டு சற்றுத் தாமதமாக விழுந்தாலும் அடுத்த தட்டுக்கு அந்தத் தாமதம் சேராது. நடுவில் டெம்போவை உயர்த்தினாலும் கணக்குக் கெடாது. அடுத்த தட்டிலிருந்து இடைவெளி குறையும், அவ்வளவுதான்.

இதில் எங்களைப் பாதி நாள் அலைக்கழித்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதலில் எண்ணியை 0 என்று தொடங்கி, பிராட்காஸ்ட் செய்த பிறகு 1 கூட்டினோம். படிக்க இயல்பாக இருந்தது. ஆனால் எல்லாத் தட்டும் ஓர் இடம் தள்ளி விழுந்தது. காரணம், பிராட்காஸ்ட் என்பது மணி அடிப்பது போலத்தான். மணி அடித்தவுடன் பிள்ளைகள் அந்தக் கணமே வரிசையில் வந்து நிற்பதில்லை. அவர்கள் வருவதற்குள் அடித்தவர் தன் அடுத்த வேலையை முடித்துவிடுகிறார். செய்தியைப் பெறும் நிரல்கள் எழுந்து எண்ணியைப் பார்க்கும்போது அது ஏற்கெனவே ஒன்று கூடியிருந்தது. அதனால்தான் −1-இல் தொடங்கி, முதலில் கூட்டி, பிறகு செய்தி அனுப்புகிறோம். இன்னொன்று, டைமரும் முழுத் திட்டத்துக்கும் ஒன்றே. ஒரு மாணவன் தன் ஸ்பிரைட்டில் டைமரைப் பூச்சியமாக்கிவிட்டால், அவ்வளவு நேரமும் மறுபடி ஓடி முடியும்வரை மொத்தக் குழுவும் ஊமையாகிவிடும்.

தட்டும் வீச்சும் ஒரு பட்டியல்

நேரத்தை ஒருவரிடம் ஒப்படைத்த பிறகு மற்றவர்களுக்கு மிஞ்சுவது வரிசை மட்டும்தான். எந்த எண்ணில் அடிக்க வேண்டும், எதில் சும்மா இருக்க வேண்டும் என்பதே அது. ஸ்கிராட்சின் பட்டியல் இதற்குப் போதும். ஆதி தாளத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. மொத்தம் எட்டு. தட்டுக்கு 1, மற்றதற்கு 0 என்று எழுதினால் 1 0 0 0 1 0 1 0. பாட்டு கற்காத பிள்ளையும் இந்த வரிசையைக் கண்ணால் பார்த்துக் கையால் போட்டுவிடுகிறது.

ஒவ்வொரு ஸ்பிரைட்டிலும் ‘தட்டு’ செய்தி வந்ததும், எண்ணியை 8-ஆல் வகுத்து வரும் மீதியுடன் 1 கூட்டி, பட்டியலில் அந்த இடத்தில் உள்ள எண் 1 ஆக இருந்தால் ஒலி எழுப்ப வேண்டும். மீதி காண ‘மாட்’ என்ற பிளாக் இருக்கிறது. எண்ணி 0, 1, 2 என்று நூற்றுக்கணக்கில் போய்க்கொண்டே இருந்தாலும் மீதி 0 முதல் 7 வரை மட்டுமே சுற்றி வரும். ஆவர்த்தனம் என்பதும் அதுதானே! ஒன்று கூட்டுவது எதற்கென்றால், ஸ்கிராட்ச் பட்டியலின் முதல் இடம் 1. பூச்சியமாவது இடம் என்று ஒன்று கிடையாது. அதை மறந்தால் சுற்றின் முதல் தட்டே, அதாவது சமமே காணாமல் போகும். காது உடனே கண்டுபிடித்துவிடும் பிழை அது.

டிரம் பிளாக்கின் பீட் எண்ணை இப்போது 0.1 போலச் சிறியதாக வைத்துக்கொண்டால் போதும். காத்திருக்கும் வேலை அதனிடம் இல்லை. சுரத்துக்கு மட்டும் ஒரு தட்டின் நீளத்தைவிடச் சற்றுக் குறைவாகக் கொடுத்தால் தொடர்ச்சி கெடாது. சுரப் பட்டியலில் 0, 1-க்குப் பதிலாகச் சுரத்தின் எண்ணையே எழுதலாம். 0 வந்தால் மௌனம்.

நிரல் இப்படி இரண்டாகப் பிரிந்ததும் வகுப்பில் நடந்தது எனக்கே வியப்பு. முன்பு ஒரு தட்டை மாற்ற வேண்டுமென்றால் பத்து பிளாக்கைக் கழற்றி மாட்ட வேண்டும். இப்போது பட்டியலில் ஒரு 0-வை 1 ஆக்கினால் போதும். அதுவும் நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே. அடுத்த சுற்றில் காதில் விழுந்துவிடும். பிள்ளைகள் காதால் திருத்த ஆரம்பித்தார்கள்.

கணக்கு ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு ஸ்பிரைட்டின் பட்டியல் 8, இன்னொன்றின் பட்டியல் 3 என்று வைத்து, ஒவ்வொன்றும் தன் நீளத்தால் மீதி காணட்டும். இரண்டும் ஒன்றாகத் தொடங்கிப் பிரிந்து, மறுபடி எத்தனையாவது தட்டில் சேர்ந்து முதல் அடியில் விழும்? 24. எட்டுக்கும் ஐந்துக்கும் 40. எட்டுக்கும் ஏழுக்கும் 56. எட்டுக்கும் ஆறுக்கும் என்று கேட்டால் பாதி வகுப்பு 48 என்று சொல்லும். ஓடவிட்டால் 24-இலேயே சேர்ந்துவிடும். மீச்சிறு பொது மடங்கை ஆறாம் வகுப்பில் வகுத்தல் முறையில் எத்தனையோ முறை போட்டிருப்போம். அது காதில் விழும் ஒன்று என்று நான் ஒருநாளும் சொல்லித்தந்ததில்லை.

நடையும் இதே வழியில்தான். ஓர் அட்சரத்தை நான்காகப் பிரித்தால் சதுச்ர நடை, மூன்றாகப் பிரித்தால் திச்ர நடை. இரண்டையும் ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டுமானால் அட்சரத்தைப் பன்னிரண்டாகப் பிரித்து, அடுத்த நேரத்தில் (60 ÷ டெம்போ) ÷ 12 கூட்ட வேண்டும். எண்ணியை 3-ஆல் வகுத்து மீதி 0 வரும்போதெல்லாம் ஒருவர் அடித்தால் அட்சரத்துக்கு நான்கு அடி. 4-ஆல் வகுத்தால் மூன்று அடி. ‘மூன்றால் வகுத்தால் நான்கு ஏன் வருகிறது?’ என்ற கேள்வி வகுப்பில் கட்டாயம் எழும். எழாவிட்டால் நாம் எழுப்பலாம். ஒரு எச்சரிக்கை: இவ்வளவு நுண்ணிய பிரிவில் ஸ்கிராட்ச் திணறும். பிழை சேராது என்றாலும் ஒவ்வொரு தட்டும் ஒரு மயிரிழை முன்பின்னாக விழும். டெம்போவைக் குறைத்து, பூனையை உட்கார வைத்துவிட்டால் கேட்கும்படி இருக்கும்.

ஸ்கிராட்சுக்கு அப்பால்

இந்தப் பிரிவினை ஸ்கிராட்சுக்கு மட்டும் உரியதன்று. பெட்டிகளைக் கோட்டால் இணைத்து இசை நிரல் எழுதும் முறை 1980-களில் பாரிசின் இர்காம் இசை ஆய்வு நிறுவனத்தில் மில்லர் பக்கெட் என்பவர் எழுதிய ‘மேக்ஸ்’ மென்பொருளுடன் வளர்ந்தது. 1957-லேயே கணினியில் இசை ஒலிக்கும் நிரல் எழுதிய மேக்ஸ் மேத்யூசின் நினைவாக வைத்த பெயர் அது. பக்கெட் பின்னர் எழுதிய ‘பியூர் டேட்டா’ இலவசமாகவே கிடைக்கிறது. மேல்நிலை வகுப்புக் கணினி அறிவியல் மாணவர்களுக்கு அதைக் காட்டலாம்.

அதில் ‘மெட்ரோ 500’ என்று ஒரு பெட்டி வைத்தால் 500 மில்லிவிநாடிக்கு ஒருமுறை ஒரு தட்டு வரும். அதை எண்ணும் பெட்டிக்கும், அங்கிருந்து ‘மாட் 8’ பெட்டிக்கும், அங்கிருந்து ‘செலக்ட் 0 4 6’ பெட்டிக்கும் கோடு இழுத்தால் நாம் மேலே எழுதிய அதே ஆதி தாளம். தாளம் போடுபவர், எண்ணி, மீதி, வரிசை என நான்கும் தனித்தனிப் பெட்டிகளாகக் கண்முன் நிற்கின்றன. ஸ்கிராட்சில் நாம் கையால் செய்த நாடாக் கணக்கை அது தனக்குள்ளேயே செய்துகொள்கிறது. சுவரில் உள்ள கடிகாரத்தைப் பார்க்காமல், தான் உருவாக்கிய ஒலித் துளிகளை எண்ணியே நேரம் கணிக்கிறது. விநாடிக்கு 44,100 துளிகள், 64 துளி ஒரு கட்டு. ஆகவே ஒரு கட்டின் நீளம் ஏறக்குறைய 1.45 மில்லிவிநாடி. மெட்ரோ எவ்வளவு நேரம் ஓடினாலும் நழுவாததற்குக் காரணம் இதுதான்.

மணி அடித்த கதை அங்கேயும் உண்டு. ஒரு பெட்டியிலிருந்து இரண்டு கோடுகள் பிரிந்தால் எது முதலில் போகும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்காகவே ‘டிரிகர்’ என்று ஒரு பெட்டி இருக்கிறது. வலது முனையிலிருந்து இடது முனைக்கு என்ற வரிசையில் அது செய்திகளை அனுப்பும். எழுத்து இடமிருந்து வலம் பழகிய கண்ணுக்கு இது கொஞ்சம் உறுத்தும்.

மறுபடி கோலாட்டத்துக்கு வருகிறேன். புதிய நிரலைக் காட்டுவதற்கு முன் அந்த மாணவியிடம், “நீ சொன்னதுதான் சரி, நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்” என்றேன். “எனக்கு அன்னிக்கே தெரியும் சார்” என்றாள். தாளம் போடும் நிரலை அவளே எழுதினாள். பத்து நிமிடம் ஓடவிட்டும் மேளமும் கோலும் பிரியவில்லை. ஒரு முறை மட்டும், இணைய உலாவியில் ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு பையன் வேறு தாவலுக்குப் போய்த் திரும்பினான். அதுவரை அடங்கிக் கிடந்த தட்டுகளெல்லாம் ஒரே மூச்சில் சடசடவென்று கொட்டித் தீர்த்துவிட்டு மறுபடி தாளத்தில் சேர்ந்துகொண்டன. நின்றுபோன உலாவி விழித்ததும் ‘அடுத்த நேரம்’ தன் பாக்கியை வசூலித்திருக்கிறது. விழா அன்று வேறு தாவல் எதையும் திறக்கக் கூடாது என்று பலகையில் எழுதி வைத்தோம்.

ஒலிபெருக்கிக்கும் கவனம் தேவை. ப்ளூடூத் பெட்டிகள் ஒலியைச் சற்றுத் தாமதித்தே வெளிவிடும். எல்லா ஒலியும் ஒரே பெட்டி வழியாக வந்தால் தங்களுக்குள் பிரியாது. ஆனால் ஒரு பிள்ளை மேடையில் விசையைத் தட்டிக் கோல் சத்தம் சேர்ப்பதாக இருந்தால், அவள் தட்டியது ஒரு நேரம், கேட்பது ஒரு நேரம் என்றாகும். நாங்கள் பழைய கம்பி இணைப்புப் பெட்டியையே தேடி எடுத்தோம்.